கணினி மெசஞ்சரின் அடுத்த பதிப்பு: உங்களுக்கு என்ன வேண்டும்?

கோப்புக்காரன் எழுதியது:

நான் தமிழாக்கம் செய்துவரும் திறமூல மெசஞ்சரின் அடுத்த பெரிய பதிப்புக்கு வேலை நடக்கிறது. பல சேவைகளின் கணக்குகளை ஒரே சாளரத்தில் திறக்கும் வகை நிரல். பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். சொன்னால் பத்தாவது பதிலுக்குள் "இதைவிட அது மேல்" என்று சண்டை ஆரம்பித்துவிடும். எழுதுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் பகல் வேலையை முடித்துவிட்டு ராத்திரியில் உட்காருபவர்கள். மொழிபெயர்ப்பாளர்களிடம் "உங்கள் ஆட்கள் என்ன கேட்கிறார்கள்?" என்று ஒரு கடிதம் வந்தது. அதைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

ஒரே வேண்டுகோள். கைப்பேசியில் உள்ளதெல்லாம் இங்கேயும் வேண்டும் என்று எழுதாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தட்டுகிறவருக்கு என்ன வேண்டும், அதைச் சொல்லுங்கள்.

முதல் குறை என்னுடையது. "…க்கு அனுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. புள்ளி உள்ள இடத்தில் நிரல் பெயரைப் போட்டுக்கொள்ளும். ஆங்கிலத்தில் எந்தப் பெயரும் அப்படியே உட்காரும். நமக்கு ரவி என்றால் "ரவிக்கு", மீனா என்றால் "மீனாவுக்கு", முருகன் என்றால் "முருகனுக்கு". நிரல் என்னவோ கோந்து போட்டு ஒட்டுவதுபோல "மீனாக்கு", "முருகன்க்கு" என்று ஒட்டிவைக்கிறது. "பெறுநர்: மீனா" என்று மாற்றி ஒருவழியாகத் தப்பித்தேன். "இணைந்தார்" என்ற சொல் இன்னும் மோசம். வானிலை சொல்லும் தானியங்கிக் கணக்கும் குழுவில் "இணைந்தார்", மனிதரும் "இணைந்தார்". அதற்கு மட்டும் "இணைந்தது" போட எனக்கு வழியே தரவில்லை. வந்திருப்பது ஆளா எந்திரமா என்று நிரலுக்குத் தெரியும், மொழிபெயர்ப்புக் கோப்புக்குத் தெரியாது. இதை நான் கேட்கப் போகிறேன். அடுத்து நீங்கள்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

எனக்கு ஒன்றே ஒன்று. உள்ளே ஒரு உலாவியை ஒளித்துவைக்காதீர்கள்.

---

பழைய_மோடம் எழுதியது:

அரைத்தூக்கம் சொன்னதை விரித்துச் சொல்கிறேன். இணையப் பக்கம் எழுதுவதுபோலவே கணினி நிரல் எழுத உதவும் எலக்ட்ரானில் செய்த ஒவ்வொரு நிரலும் தனக்கென குரோமியம் என்ற ஒரு முழு உலாவியைச் சுமந்துகொண்டுதான் வரும். நான்கு நிரல் திறந்தால் நான்கு உலாவி. அதுபோக நிஜமான உலாவி ஐந்தாவது. ஒருவரி எழுதி அனுப்புவதற்கு இவ்வளவு ரேம் எதற்கு? டெலிகிராமின் கணினி நிரல் சி++ மொழியில், க்யூடி என்ற சாளரக் கருவித்தொகுப்பை வைத்து எழுதப்பட்டது. அதே கணினியில் திறந்து பார்த்தாலே வித்தியாசம் கைக்குத் தெரியும்.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். நான்கு பேர் உள்ள குழு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக எழுத முடியாது. அதனால்தான் எல்லாரும் அந்தக் குறுக்குவழியில் போகிறார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

என் கோரிக்கை வேறு. எதையும் எடுத்துவிடுவதற்கு முன்னால் ஒருதடவை கேளுங்கள். 2008-இல், பல சேவைகளை ஒன்றாகத் திறக்கும் பிட்ஜின் மெசஞ்சரின் 2.4 பதிப்பு வந்தது நினைவிருக்கிறதா? எழுதும் பெட்டியைச் சுட்டியால் பிடித்து இழுத்துப் பெரிதாக்கும் வசதியை எடுத்துவிட்டு, எழுத எழுத அதுவே வளரும்படி மாற்றினார்கள். பயனர்கள் கேட்டும் பழையது திரும்ப வரவில்லை. கடைசியில் சிலர் மூலநிரலையே பிரித்துக்கொண்டு போய் ஃபன்பிட்ஜின் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அதற்கு கேரியர் என்று பெயர் மாறியது. ஒரு பெட்டியின் உயரத்துக்காகத் தனிக்குடித்தனம்! வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். நாளெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே எழுதுகிறவனுக்குச் சிரிப்பு வராது.

---

சாளரம்3 எழுதியது:

தயவுசெய்து, தயவுசெய்து, புதுச் செய்தி வந்தால் சாளரம் தானாக முன்னால் வரக் கூடாது.

நான் முன்பு வைத்திருந்த ஒரு மெசஞ்சர் அப்படித்தான். வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல் அடித்துக்கொண்டிருக்கிறேன். பாதி அடித்திருப்பேன், யாரோ "இருக்கீங்களா" என்று அனுப்ப, அரட்டைச் சாளரம் துள்ளிக்கொண்டு முன்னால் வந்து விசைப்பலகையைப் பிடுங்கிக்கொண்டது. என் கண் விசைகளின்மேல். மீதிப் பாதியை அடித்து என்டரையும் தட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், "இருக்கீங்களா"வுக்குக் கீழே என் கடவுச்சொல்லின் பின்பாதி. அந்தப் பக்கம் இருந்த புண்ணியவான் "என்ன சார், பூனை விசைப்பலகைமேல் நடந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன்.

பணிப்பட்டையில் ஒரு புள்ளி மினுங்கினால் போதும். நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

---

அரைத்தூக்கம் எழுதியது:

பூனை. :)

---

வரிவடிவம் எழுதியது:

தமிழில் தட்டச்சு செய்கிறவள் என்ற முறையில் என் பட்டியல் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேடல். போன வருடம் ஒருவர் அனுப்பிய முகவரி வேண்டியிருந்தது. "கொடுக்கிறேன்" என்ற சொல் அந்தச் செய்தியில் இருந்தது எனக்கு நன்றாக நினைவு. தேடினால் "எதுவும் இல்லை". மேலே மேலே உருட்டிப் போனேன், அரைமணி நேரம். கண்ணெதிரே இருக்கிறது, அதே "கொடுக்கிறேன்". ஓர் எழுத்தும் பிசகவில்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோடில் "கொ"வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு என்று இரண்டாக இடுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் ஒன்றுதான், சமமாகவே கொள்ள வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் பைட்டுகளை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கிற நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள். அனுப்பியவரின் விசைப்பலகை ஒருவிதம், என்னுடையது ஒருவிதம். தேடுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், பெரும்பாலான நிரல்மொழிகளில் அதற்கு ஆயத்தமான செயற்கூறு கிடைக்கிறது. "கோ", "கௌ" எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது, எழுத்துப்பிழை திருத்தி. ஆங்கில அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு போடுகிறது. நான் ஒரு பத்தி எழுதினால் பெட்டியே அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். நல்ல தமிழ்ப் பிழைதிருத்தி செய்வது கஷ்டம், தெரியும். ஒரு வினைச்சொல்லுக்கே நூற்றுக்கணக்கில் வடிவங்கள். நான் அதைக் கேட்கவில்லை. தெரியாத எழுத்தைக் கண்டால் சும்மா இரு, அவ்வளவுதான்.

மூன்றாவது, வெட்டுப்படும் எழுத்துகள். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து வைத்திருக்கிறார்கள். "கீ", "ஜி" மாதிரி எழுத்துகளுக்குத் தலை போகிறது. பொத்தான்களில் சொற்களுக்கு வால் போகிறது. "அமைப்பு…" என்று இரண்டு பொத்தான். ஒன்று "அமைப்புகள்", இன்னொன்று "அமைப்பு நிலை". எது எது என்று அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

---

கோப்புக்காரன் எழுதியது:

அந்த இரண்டு பொத்தானும் என் கைவேலைதான். மன்னிக்கவும். ஒன்றை "விருப்பங்கள்" என்று மாற்றிவிடுகிறேன்.

தேடல் விஷயத்தை இன்றைக்கே தனியாக எழுதி அனுப்புகிறேன். இந்த இழையில் எனக்கு இதுவரை கிடைத்த நல்ல சரக்கு அதுதான். உங்களால் முடிந்தால் இரண்டு விதமாகவும் எழுதிய ஒரு சின்னக் கோப்பு அனுப்புங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், கோப்பைப் பார்த்தால் நம்புவார்கள்.

---

செவிவழி எழுதியது:

நான் திரையைப் பார்ப்பதில்லை, கேட்கிறேன். என்விடிஏ திரைவாசிப்பான், இ-ஸ்பீக்கின் தமிழ்க் குரல். இப்போதைய பதிப்பு என் காதில் எப்படி விழுகிறது என்று சொல்கிறேன்.

நிரலைத் திறக்கிறேன். டேப் விசை. "பொத்தான்." டேப். "பொத்தான்." டேப். "பொத்தான்." டேப். "திருத்தக்கூடிய உரை, வெற்று." சரி, எழுதும் பெட்டிக்கு வந்துவிட்டேன். அந்த மூன்று பொத்தானும் என்ன? ஒன்று படம் இணைப்பது, ஒன்று சிரிப்பு முகம், ஒன்று அழைப்பு. எப்படித் தெரியும் என்றால், அழுத்திப் பார்த்துத்தான். ஒருமுறை தலைமைப் பொறியாளருக்கு ராத்திரி பதினொன்றரைக்கு வீடியோ அழைப்பு போயிற்று.

படங்களை மட்டும் போட்டு விட்டுவிடாமல் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் கொடுங்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டாம், நிரலுக்குள் இருந்தால் போதும். கோப்புக்காரன், அந்தப் பெயர்களும் உங்கள் மொழிபெயர்ப்புக் கோப்பில் வர வேண்டும், இல்லாவிட்டால் தமிழ்ச் சாளரத்துக்கு நடுவே ஆங்கிலப் பொத்தான்தான் கேட்கும்.

இன்னொன்று. புதுச் செய்தி வந்தால் அதை மட்டும் வாசிக்க வேண்டும். சில நிரல்கள் ஒரு வரி சேர்ந்ததும் பட்டியலை முழுக்கத் திரும்ப வரைகின்றன. நான் எங்கே இருந்தேன் என்பது தொலைந்து, மறுபடி உச்சியிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் புத்தகத்தை நிமிடத்துக்கு ஒருதரம் யாரோ மூடிவிட்டால் எப்படி இருக்கும்?

சாளரம்3 சொன்னதற்கும் என் ஓட்டு. விசைப்பலகை பறிபோவது உங்களுக்கு ஒருநாள் கதை, எனக்குத் தினசரி.

---

சாளரம்3 எழுதியது:

என் பூனைக் கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டேன், இப்போது கூச்சமாக இருக்கிறது. செவிவழி சொன்னதை முதல் இடத்தில் போடுங்கள்.

---

நிலாமறை எழுதியது:

பாதுகாப்பு பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இருமுனைக் குறியாக்கம், அதாவது பேசுகிறவர்களைத் தவிர நடுவில் எவரும் படிக்க முடியாதபடி பூட்டுவது, இயல்பாகவே போட்டிருக்க வேண்டும், அமைப்புகளில் தேடிப்போய்ப் போடும்படி இருக்கக் கூடாது. அப்படிப் பூட்டும் ஓடிஆர் என்ற முறை 2004-லேயே வந்துவிட்டது. ஆனால் அதை இரண்டு பக்கமும் நிறுவி, எதிராளியின் சாவிக்குரிய அடையாள எண்ணைச் சரிபார்த்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்து என்று எத்தனை பேர் பயன்படுத்தினோம்? எக்ஸ்எம்பிபி என்ற திறந்த அரட்டை நெறிமுறைக்கு 2015-இல் ஓமெமோ என்ற குறியாக்க முறை வந்த பிறகுதான் ஒரே ஆள் பல கருவிகளில் இருந்தாலும், எதிராளி இணைப்பில் இல்லாவிட்டாலும் மறைகுறி வேலை செய்தது. அதைக் கூடுதல் செருகுநிரலாக வைக்காமல் உள்ளேயே வையுங்கள்.

அடுத்து, கடவுச்சொல்லை வெறும் எழுத்தாகக் கோப்பில் எழுதுவதை நிறுத்துங்கள்.

---

பழைய_மோடம் எழுதியது:

நிலாமறை, கடவுச்சொல் விஷயத்தில் மறுதரப்பையும் கேளுங்கள். பிட்ஜினும் அப்படித்தான் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிவைத்தது. மறந்துபோய் அல்ல, யோசித்துத்தான். உங்களிடம் எதுவும் கேட்காமல் நிரலால் கடவுச்சொல்லைத் திறக்க முடிகிறது என்றால், உங்கள் கோப்புகளைப் படிக்க முடிகிற வேறு எவராலும் திறக்க முடியும். சும்மா எழுத்தை மாற்றிப் போட்டு ஒளித்துவைப்பது திறவுகோலைக் கால்மிதிக்கு அடியில் வைப்பது மாதிரி. பூட்டியிருக்கிறது என்ற நிம்மதிதான் மிச்சம். வெளிப்படையாக இருந்தால் அந்தக் கோப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாவது தோன்றும். அவர்கள் வாதம் அது.

---

நிலாமறை எழுதியது:

ஐயா, அந்த வாதம் அன்றைக்குச் சரி. இப்போது ஒவ்வொரு இயங்குதளத்திலும் சாவிக்கொத்து இருக்கிறது. மேக்கில் கீசெயின், விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர், லினக்ஸில் குனோம் கீரிங்கோ கேவாலட்டோ. நீங்கள் கணினிக்குள் நுழையும்போது அது திறக்கும், வெளியேறினால் மூடிக்கொள்ளும். மடிக்கணினி திருடு போனால், காப்புநகல் வட்டு வேறு கைக்குப் போனால், அங்கே கடவுச்சொல் வெறும் எழுத்தாக இருக்காது. நானே அப்படி ஒரு பழைய வட்டை நண்பருக்குக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து நினைவு வந்து வியர்த்திருக்கிறேன்.

---

பழைய_மோடம் எழுதியது:

வட்டு உதாரணத்தில் என்னை மடக்கிவிட்டீர்கள். சாவிக்கொத்துக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் சாவிக்கொத்து இல்லாத கணினியில் என்ன நடக்கும் என்பதை மறைக்காமல் சொல்லட்டும்.

குறியாக்கத்தில் எனக்கு ஒரே கவலை, பழைய உரையாடல்கள். புதுக் கணினி வாங்கி நிரலை நிறுவினால் வெற்றுச் சாளரம். ஏன் என்று கேட்டால், பழைய செய்திகள் பழைய கருவியின் சாவிக்குத்தான் பூட்டப்பட்டன, புதுக் கருவிக்கு அன்றைக்குச் சாவியே இல்லை. கணக்குப்படி சரிதான். ஆனால் தன் பத்து வருடப் பேச்சைத் தேடுகிறவருக்கு இந்த விளக்கம் எதற்கு உதவும்?

அதனால் கேட்கிறேன்: உரையாடல் பதிவுகள் என் வட்டில், நான் திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும். சேவைகளை நம்பி இருக்கக் கூடாது என்பதை நாம் பார்த்தாயிற்று. 1997-இல் தொடங்கிய ஏஓஎல் நிறுவனத்தின் ஏஐஎம் மெசஞ்சர் 2017 டிசம்பர் 15-இல் மூடியது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17. ஐசிக்யூ 1996-இல் பிறந்து 2024 ஜூன் 26 வரை தள்ளாடி வந்தது. ஸ்கைப் 2025 மே 5. என்னிடம் 2003-ஆம் ஆண்டு உரையாடல்கள் இன்னும் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு அடைவு, நாளுக்கு ஒரு உரைக்கோப்பு. அன்றைக்கு அவற்றைச் சுமந்த சேவை போய்விட்டது, நிரல் போய்விட்டது. என்னோடு பேசியவர்களில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். கோப்பு திறக்கிறது. போன மாதம் கூட ஒன்றைத் திறந்தேன். "நாளைக்குப் பேசலாம், தூக்கம் வருது" என்று முடிகிறது.

---

அரைத்தூக்கம் எழுதியது:

ஐயா, அதைப் படித்துவிட்டு என் பதிவுகளை இப்போதுதான் காப்புநகல் எடுத்தேன்.

---

நிலாமறை எழுதியது:

எனக்கும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பதிவுக்கோப்பு இருக்கட்டும். ஆனால் அதைப் பூட்டி வைக்கும் தெரிவும் இருக்கட்டும், ஆளுக்கு ஆள் தேவை மாறும். ஒரே ஒரு ஆளுடன் பேசுவதை மட்டும் பதிவு செய்யாதே என்று சொல்லவும் முடிய வேண்டும்.

---

சாளரம்3 எழுதியது:

இன்னொன்று, நிலைச்செய்தி. "சாப்பிடப் போயிருக்கிறேன், மூன்று மணிக்கு வருவேன்" என்று பெயருக்குக் கீழே எழுதிவைப்போமே, அது. இப்போதைய மெசஞ்சர்களில் "கடைசியாகப் பார்த்தது 10:42" என்று என்னை வேவு பார்த்துச் சொல்கிறார்கள். நானாகச் சொல்வதற்கு இடம் கொடுப்பதைவிட அது மேலா? எனக்கு இல்லை. வருகிறேன், போகிறேன் என்று நான் சொல்ல வேண்டும், கடிகாரம் சொல்லக் கூடாது.

---

புதுவரவு_88 எழுதியது:

ஒரு சந்தேகம். எதற்கு இத்தனை பாடு? வாட்ஸ்அப்பைக் கணினியில் திறந்தால் முடிந்ததே. எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

---

பழைய_மோடம் எழுதியது:

நல்ல கேள்விதான், கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அங்கே கணினி துணைக்கருவி. 2021-க்குப் பிறகு கைப்பேசி அணைந்திருந்தாலும் கணினியில் பேசலாம் என்று ஆனது உண்மை. இருந்தாலும் கைப்பேசியை 14 நாள் தொடாமல் விட்டால் இணைத்த கருவிகள் துண்டிக்கப்படும். அங்கே வீட்டுக்காரர் கைப்பேசிதான், கணினி வந்துபோகிற விருந்தாளி.

எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பதைப் பற்றி: மின்னஞ்சலில் உங்கள் நண்பர் எந்த நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்று நீங்கள் கவலைப்படுவதில்லை. பின்னாளில் எக்ஸ்எம்பிபி ஆன ஜாபர் 1999-இல் தொடங்கியது அந்த எண்ணத்தில்தான். கூகுள் டாக்கும் 2006-இல் அந்த வாசலைத் திறந்துவைத்தது, சில ஆண்டுகளில் சாத்திக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது பெரிய மெசஞ்சர்கள் பிற மெசஞ்சர்களுக்கு வழிவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வழி திறக்கத் திறக்க, அந்தப் பக்கமிருந்து நுழைய ஒரு நல்ல நிரல் தயாராக இருக்கட்டுமே.

---

புதுவரவு_88 எழுதியது:

சரி, புரிகிறது. அப்படியென்றால் என் விருப்பம்: என்டரை அழுத்தினால் அனுப்பவா, அடுத்த வரிக்குப் போகவா என்று நிறுவும்போதே கேட்கட்டும். ஒவ்வொரு நிரலில் ஒவ்வொரு மாதிரி. பாதி வாக்கியத்தில் போய்ச் சேர்ந்த என் செய்திகள் எத்தனையோ.

---

வரிவடிவம் எழுதியது:

ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் அடிக்கிறவர்களுக்கு இது இரட்டை அடி, புதுவரவு. பரிந்துரைப் பட்டியலில் சொல்லைத் தேர்ந்தெடுக்க என்டர் தட்டினால் செய்தியே கிளம்பிவிடுகிறது. சொல் இன்னும் முடியவில்லை என்று உள்ளீட்டு முறை நிரலுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, நிரல் காதில் வாங்குவதில்லை. கோப்புக்காரன், இதையும் சேர்த்துவிடுங்கள். சோதனைக் கோப்பு அனுப்பிவிட்டேன்.

---

கோப்புக்காரன் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன், சேதி உண்டு.

பொத்தான் பெயர்கள்: ஏற்றுக்கொண்டார்கள். மொத்தம் 61 பொத்தான் பெயரில்லாமல் இருந்ததாம், அவர்களுக்கே அதிர்ச்சி. பெயர்கள் என் கோப்புக்கு வந்துவிட்டன, நேற்று ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். செவிவழி, சோதனைப் பதிப்பு வந்ததும் நீங்கள்தான் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சாவிக்கொத்து: ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது. சாளரம் துள்ளுவது: இயல்பாக அணைத்துவைக்கச் சம்மதம். நிலைச்செய்தி: இருக்கும். உரைக்கோப்புப் பதிவு: தயங்குகிறார்கள். எல்லாவற்றையும் தரவுத்தளத்தில் வைத்தால்தான் தேடல் வேகமாக இருக்கும் என்கிறார்கள். ஏற்றுமதிப் பொத்தான் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். பொத்தானை அழுத்த மறப்பவர்களுக்கு என்ன வழி என்று கேட்டு, பழைய_மோடம் ஐயாவின் கடைசிப் பத்தியை மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

"இணைந்தது" கிடைக்காது. இந்தப் பதிப்பில் இல்லை.

தேடல்: முதலில் "இரண்டும் ஒரே சொல்லாகத்தானே இருக்கிறது, என்ன பிழை?" என்று பதில் வந்தது. வரிவடிவத்தின் கோப்பை அனுப்பினேன். அடுத்த மணி நேரத்தில் திருத்தம் போட்டுவிட்டார்கள், இரண்டே வரி. சோதனைப் பதிப்பின் இணைப்பைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

---

வரிவடிவம் எழுதியது:

நிறுவிப் பார்த்தேன். "கொடுக்கிறேன்" கிடைக்கிறது! "கோவில்" கிடைக்கிறது, "கௌரவம்" கிடைக்கிறது.

"ஸ்ரீ" கிடைக்கவில்லை. அதற்கும் இரண்டு வழி: ஸகரத்தில் தொடங்கி ஒன்று, யூனிகோடில் பின்னால் சேர்த்த ஶகரத்தில் தொடங்கி ஒன்று. எழுத்துருவைப் பொறுத்துப் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். ஆனால் இந்த இரண்டையும் யூனிகோடு சமம் என்று சொல்லவில்லை, அதனால் அந்த இரண்டு வரித் திருத்தம் இங்கே செல்லாது.

---

கோப்புக்காரன் எழுதியது:

இன்னொரு கோப்பு அனுப்புங்கள்.